கண்மாய்க் கரையிலிருந்து பறவைப் பாதுகாப்பு வேலை வரை: செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானில் என் ஆயா வீட்டு வளவில் பெரியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சுவரோடு ஒட்டாமல், மேல்பக்கம் முன்னால் சாய்ந்தபடி தொங்கும் படங்கள். அந்த இடைவெளியில்தான் சிட்டுக்குருவி கூடு கட்டும். வைக்கோல் துணுக்கு விழும், எச்சம் விழும். ஆயா தினமும் காலையில் பெருக்குவார்களே தவிர, கூட்டில் கைவைக்க யாரையும் விட்டதில்லை. "அதுகளும் இந்த வீட்டுப் புள்ளைகதான்" என்பார்கள். லீவுக்குப் போகும்போதெல்லாம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் குருவி எத்தனை தடவை இரை கொண்டு வருகிறது என்று விரல்விட்டு எண்ணுவேன். இன்று நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதும், அவை தங்கும் கண்மாய்களைக் காக்க ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் வேலை. சம்பளம் வாங்கும் வேலை.

கல்யாண வீடுகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க பையன் எப்பப் பாத்தாலும் பறவை பறவைன்னு திரியுறான், எந்தக் காலேஜ்ல சேக்கலாம்?" காலேஜ் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியை உங்கள் ஊரிலேயே, காசு செலவில்லாமல் செய்துவிடலாம்.

முதல் படி: ஒரே ஒரு கண்மாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பறவை ஆர்வம் வந்ததும் பிள்ளைகள் தேக்கடிக்கும் பரத்பூருக்கும் போக ஆசைப்படுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் ஒருவரைப் பறவையியலாளர் ஆக்குவது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பழக்கம்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என எந்த ஊரை எடுத்தாலும் சைக்கிள் தூரத்தில் ஒரு கண்மாய் இருக்கும். ஊருக்குள் ஊருணி இருக்கும். அதில் ஒன்றை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே நேரத்தில், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள்.

ஒரு வருடம் போனால் கண்மாய் எப்படி மாறுகிறது என்பது பிடிபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) வரை நிற்கும். அப்போது நாமக்கோழியும் முக்குளிப்பானும் நடுத்தண்ணீரில் இருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரியும்போது உள்ளான்கள் வந்து இறங்கி மேயும். சித்திரையில் கண்மாய் காய்ந்து தரை வெடித்த பிறகு, "இனி இங்கே என்ன இருக்கிறது" என்று எல்லோரும் போய்விடுவார்கள். நீங்கள் போங்கள். அந்தக் காய்ந்த தரையில்தான் ஆள்காட்டி முட்டையிடும்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்படியொரு கூட்டைப் பார்த்தேன். கூடு என்றுகூடச் சொல்ல முடியாது. சின்னப் பள்ளத்தில் நாலு முட்டை, கூழாங்கல் நிறத்தில், கூர்முனை உள்பக்கமாகச் சேர்ந்து இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தாய்ப்பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது எனக்கு வேடிக்கையாக இருந்ததால் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். சித்திரை வெயிலில் ஆள்காட்டி போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர வைக்கும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். நான் நின்ற அரை மணி நேரம் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்தன. அன்றைக்கு நான் செய்ததைப் பிள்ளைகள் யாரும் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கூட்டைப் பார்த்தால் பத்தடி பின்னால் வாருங்கள், பறவை கத்தினால் கிளம்பிவிடுங்கள். கூட்டைப் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு குரூப்பில் போடவே போடாதீர்கள்.

இரண்டாவது படி: நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். அன்ரூல்டு நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம், மழையில் மை ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், தண்ணீர் எவ்வளவு, என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

காலை 6.20 – 7.35. கண்மாய், மடையிலிருந்து கலுங்கு வரை. தண்ணீர் பாதி. லேசான பனி.
சின்னக் கொக்கு 14.
நத்தைகுத்தி நாரை 5. நாலு மேய்கிறது, ஒன்று சும்மா நிற்கிறது.
வெண்தொண்டை மீன்கொத்தி 2. மடைக்கல்லில் ஒன்று.
பனங்காடை 1, கரண்டுக் கம்பியில்.
பழுப்பாக ஒன்று, கால் நீளம், எழும்பும்போது முதுகில் வெள்ளை. தெரியவில்லை.

கடைசி வரியைப் பாருங்கள். தெரியாததற்கு ஏதோ ஒரு பெயரை எழுதி வைத்தால் அந்தப் பக்கம் முழுவதையும் பிறகு நம்ப முடியாது. பார்த்ததை மட்டும் விவரித்து "தெரியவில்லை" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து அது என்ன என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். எண்ணிக்கையும் அப்படித்தான். "நிறைய கொக்கு" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. பத்துப் பத்தாக எண்ணிப் பழகுங்கள், கூட்டம் பெரிதானால் ஐம்பது ஐம்பதாக.

பைனாகுலர் உடனே வேண்டியதில்லை. முதல் ஆறு மாதம் வெறும் கண்ணால் பாருங்கள். நடை, பறக்கும் விதம், உட்காரும் இடம், குரல் ஆகியவற்றை வைத்தே பறவையைச் சொல்லப் பழகுவீர்கள். அப்புறம் வாங்கும்போது 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். அதற்கு மேல் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் சின்னப் பிள்ளைகளின் கையில் ஆடும்.

மூன்றாவது படி: பெயர்கள்

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள். செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி, கொண்டலாத்தி, பாம்புத்தாரா என்று ஆடு மேய்ப்பவர்களும் மடை திறப்பவர்களும் சொல்லும் பெயர்களில் அந்தப் பறவையின் குணமே இருக்கும். ஆள்காட்டி என்ற பெயரைக் கேட்டாலே அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடுகிறதே. கேட்டு, நோட்டில் எழுதி, யார் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியையும் கள வழிகாட்டிப் புத்தகத்தையும் வைத்து ஆங்கிலப் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். மேற்படிப்புக்கு அவை கட்டாயம் வேண்டும். செயலி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கண் ஒத்துக்கொண்டால் மட்டும் எழுதுங்கள்.

நான்காவது படி: நோட்டில் இருப்பதை உலகத்துக்குக் கொடுங்கள்

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஈபேர்டு தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்றோ நடந்தோ, கண்டதும் கேட்டதுமான பறவைகளில் அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிப் பட்டியலை ஏற்ற வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். அரிய பறவைகளை மட்டும் எழுதும் பட்டியலை வைத்து ஆய்வாளர்களால் எதுவும் செய்ய முடியாது. சாதாரணப் பறவை குறைகிறதா என்பதுதான் பெரிய கேள்வி, அதற்குப் பதில் சாதாரணப் பட்டியல்களிலிருந்துதான் வரும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013-இலிருந்து கலந்துகொள்கிறது. வனத்துறையும் நீர்ப்பறவைகளை ஒரே சமயத்தில் ஒருங்கிணைத்துக் கணக்கெடுக்கிறது. அதற்குத் தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுங்கள். ஆராய்ச்சியாளர்கள், வனக்காப்பாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று இந்தத் துறையில் உங்களுக்குப் பின்னாளில் வேண்டிய ஆட்கள் எல்லோரையும் அன்றைக்கு ஒரே படகுத்துறையில் பார்க்கலாம்.

ஐந்தாவது படி: வேட்டங்குடிக்குப் போய்வாருங்கள்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். நல்ல மழை பெய்த வருடம் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் கருவேல மரங்களின் மேல் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள் இருக்கும்.

கரையில் உட்கார்ந்து நத்தைகுத்தி நாரையை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. தண்ணீருக்குள் தலையை விட்டு, நத்தையை மேலலகால் அமுக்கிப் பிடித்து, கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். குஞ்சுகளின் அலகைப் பார்த்தால் அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொண்ட நாளன்று உங்களுக்குத் தூக்கம் வராது, எனக்கு வரவில்லை.

பார்த்து முடித்ததும் கொள்ளுக்குடிப்பட்டிக்குள் போய்ப் பேசுங்கள். அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் வந்து கூடு கட்டும் நேரம், வெடிச்சத்தத்தில் பறவை கலைந்துவிடும் என்று பல தலைமுறையாக ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. வெடி இல்லாமல் தீபாவளி கொண்டாடும் பிள்ளைகள் அவர்கள். பறவைப் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்கும் கல்லூரி மாணவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். பறவையை அடையாளம் காண்பது வேலையில் ஒரு பாதி. அந்தப் பறவையோடு வாழும் மனிதர்களிடம் மரியாதையாக உட்கார்ந்து கேட்பது மறுபாதி.

அசாமில் பூர்ணிமா தேவி பர்மன் இந்த மறுபாதியைச் செய்து காட்டியவர். அர்கிலா என்ற பெருநாரையை அபசகுனம் என்று நினைத்துக் கூடு கட்டிய மரங்களை ஊரார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அந்தப் பறவைக்கே வளைகாப்பு மாதிரி சடங்கு நடத்தி, அதை ஊருக்குப் பெருமையாக மாற்றினார். 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆறாவது படி: ஒரு கேள்வி

இரண்டு வருடம் நோட்டு எழுதினால் கேள்வி தானாக வரும். நத்தைகுத்தி ஏன் இந்தக் கண்மாயில் இருக்கிறது, பக்கத்துக் கண்மாயில் இல்லை? சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட பக்கம் உள்ளான் இறங்குகிறதா? பழைய வீடு இடிபட்ட தெருவில் சிட்டுக்குருவி எங்கே போனது?

இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியலாளர் சாலிம் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, 1908-இல், தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் இருந்ததைக் கவனித்து, அது என்ன என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் பெயரைச் சொன்னதோடு சங்கத்தின் பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். பின்னாளில் பறவையியலாளர் வேலைக்குப் போனபோது, முறையான பட்டம் இல்லை என்று வேலை கிடைக்கவில்லை. பெர்லின் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பிய பிறகும் வேலை இல்லை. 1930 வாக்கில் பம்பாய்க்கு அருகே கிகிம் என்ற கடலோரக் கிராமத்தில் இருந்துகொண்டு, வீட்டுப் பக்கத்தில் கூடு கட்டிய தூக்கணாங்குருவியைப் பார்க்கத் தொடங்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும், பெட்டை வந்து பார்க்கும், பிடித்திருந்தால் குடியேறும், அதன் பிறகு ஆண் மீதியை முடித்துவிட்டு வேறொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும் என்று கண்டுபிடித்தது அப்போதுதான். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சி அது.

தூக்கணாங்குருவி நம் கண்மாய்க்கரை ஈச்ச மரத்திலும் பனையிலும் தொங்குகிறது. அவர் பார்த்த அதே பறவைதான்.

ஏழாவது படி: படிப்பு

பிளஸ் ஒன்னில் உயிரியல் இருக்கும் குரூப் எடுப்பது நல்லது. கணக்கும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இன்றைய பறவை ஆராய்ச்சியில் பாதி புள்ளியியல். பட்டப்படிப்புக்கு விலங்கியல், தாவரவியல் இரண்டுமே சரி. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி போல வீட்டுக்குப் பக்கத்திலேயே படித்துக்கொண்டு கண்மாயை விடாமல் பார்ப்பதை நான் உயர்வாகவே நினைக்கிறேன். வனவியல் படிக்க மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவமும் நல்ல வழிதான்.

மேற்படிப்பில்தான் உண்மையான பிரிவு தொடங்குகிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை இருக்கிறது. டேராடூனில் 1982-இல் தொடங்கிய இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் இரண்டும் நுழைவுத்தேர்வு, நேர்காணல் வைத்து மிகச் சிலரையே எடுக்கும். பெங்களூரு மையத்தில் வேறு பாடம் படித்தவர்களும் சேரலாம். இந்த நேர்காணல்களில் மதிப்பெண்ணைவிட, "நீ எதைப் பார்த்திருக்கிறாய், எப்படிப் பார்த்தாய்" என்பதைத் துருவுவார்கள். என் நேர்காணலில் என் நோட்டை வாங்கி ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த "தெரியவில்லை" பற்றித்தான் பத்து நிமிடம் கேட்டார்கள்.

கோவை ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் இப்போது டேராடூன் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. முதுகலை மாணவர்கள் அங்கே ஆய்வுப் பயிற்சிக்கு முயலலாம். இடையில் கிடைக்கும் விடுமுறைகளில் புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழியும் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

எட்டாவது படி: வேலைகள்

அரசு வழி: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணிக்கு விலங்கியல், தாவரவியல், வேதியியல், வனவியல், பொறியியல் போன்ற பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். தேர்வோடு பொதுவானது. தேர்வானால் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். வாரம் தவறாமல் கண்மாயைச் சுற்றியவர்களுக்கு இது பயமில்லை. உதவி வனப்பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் உண்டு.

ஆராய்ச்சி வழி: திட்ட உதவியாளராகச் சேர்ந்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி, முனைவர் பட்டம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

அடுத்தது தொண்டு நிறுவனங்கள், கல்வி, சட்டம், மருத்துவம். இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பாறு கழுகுகள் இந்தியா முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. 2006-இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர், மருந்தை அளந்த வேதியியலாளர், தடைக்காக வாதாடிய வழக்கறிஞர், மருந்துக்கடைகளில் ஏறி இறங்கிய களப்பணியாளர் எல்லோருமே கழுகைக் காத்தவர்கள்தான். உங்கள் பிள்ளைக்கு வேதியியல் பிடித்தால் அதையே படிக்கட்டும்.

ஒன்பதாவது படி: வீட்டில் பேசுவது

பணத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். முதல் நான்கைந்து வருடம் திட்ட வேலைகள்தான் கிடைக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இடையில் இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்க வேண்டியிருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஐந்து மாதம் சம்பளம் நின்றது. அதனால் திட்டத்தில் சேரும்போது எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வியாபாரமும் சி.ஏ.வும் பார்த்துப் பழகிய வீட்டில் இதைச் சொல்வது சுலபமில்லை. "ஏன் ஆத்தா, குருவியைப் பாத்தாச் சோறு கிடைக்குமா?" என்று அப்பச்சி (என் அப்பா; என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்) கேட்டார்கள். நான் வாதாடவில்லை. ஐந்து வருடக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: எந்த வருடம் என்ன படிப்பு, எவ்வளவு செலவு, எப்போதிருந்து வருமானம், நெட் தேறாவிட்டால் என்ன, முப்பது வயதுக்குள் நிலையான வேலை இல்லையென்றால் ஆசிரியர் பயிற்சிக்குப் போவேன் என்பது வரை. கணக்கைக் கணக்காகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இரண்டு நாள் வைத்திருந்து, ஓர் இடத்தில் செலவைக் கூட்டி எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கண்மாய்க்கு அனுப்பப் பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பயம் நியாயமானதுதான், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். கூடப் போங்கள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பச்சி டி.வி.எஸ். 50-இல் என்னைக் கொண்டுபோய் விட்டு, கரையில் வண்டியை நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வாரம் தவறிவிடுமே என்று அழுதேன். நோட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்வந்தார்கள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில், கோடு போட்டு, நேரம் குறித்து எழுதியிருக்கிறார்கள்:

காலை 6.40 – 7.10. தண்ணீர் நிறைய.
கொக்கு 9.
வெள்ளையாக, பெரிதாக, வாய் கரண்டி மாதிரி 3. பெயர் தெரியவில்லை. ஆத்தாளிடம் கேட்க வேண்டும்.